லாரிக்கு அடியில்

"உங்க லாரிக்கு அடியில என்ன இருக்குன்னு என்னைக்காவது குனிஞ்சு பாத்திருக்கீகளாக்கா?"

பாஸ்கல் ஒருநாள் செல்வப்பிரியாவிடம் இப்படிக் கேட்டான். அவன் வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஒர்க்‌ஷாப்பில் லாரியும் டிராக்டரும் பழுது பார்க்கிறவன். அவள் அவனை நேரில் பார்த்ததில்லை. குட்டி லாரி செய்கிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் அவனும் ஒருவன், அவளும் ஒருத்தி. முதன்முதலாகச் செய்து முடித்த லாரியை அவள் நாலு பக்கமும் படமெடுத்துப் போட்டிருந்தாள். ஃபோம் ஷீட்டில் உடம்பு, தேய்ந்த ரப்பர் செருப்பை அறுத்து டயர், மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழில் ஹெட்லைட். நிஜ லாரியில் இருபதில் ஒரு பங்கு, ஒன்றேகால் அடி நீளம். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். பாஸ்கல் மட்டும்தான் அடியில் என்ன என்று கேட்டான்.

அவள் லாரியைக் கவிழ்த்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை ஷீட். மொழுமொழுவென்று, கண் வரையாத பொம்மை முகம் போல இருந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது வாளையார் ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நின்றன. ஆறு வருஷமாக அந்த வரிசையைத் தலை நிமிராமல் கடந்து போகிறவள், அன்று பால் கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். அடியில் ஒரு ஊரே இருந்தது. தெரு மாதிரி நீளமாக ஓடிய இரும்பு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள், சந்து சந்தாகப் புகுந்து போன குழாய்கள். இத்தனை நாள் இது எல்லாம் தன் கண்ணுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏனக்கா, பூனை எதாச்சும் பூந்திருச்சுங்களா?" என்றான் மேலே உட்கார்ந்திருந்த டிரைவர்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குப் போனாள்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டது. மாமியார் சுப்பாத்தாள் அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, கேட்டீங்களா? உங்க மருமக ரோட்டுல நிக்கற லாரிக்கெல்லாம் குனிஞ்சு கும்புடு போட்டுட்டு வாராளாமா. ஊட்டு லாரியக் கவுத்துப் போட்டது பத்தலையாட்ட இருக்குது…"

முன்கட்டில் மாமனார் ஆறுமுகசாமி காபி குடித்துக்கொண்டிருந்தார். செல்வப்பிரியா பாலை அடுப்பில் வைத்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு கிலோ பூண்டு. ரெண்டு கிலோ பூண்டுக்கு ஒரு லாரியும் போச்சு, என்ற பையன் காலும் போச்சு."

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஓணத்துக்கு முந்தின வாரம், அவள் புருஷன் தனபால் மலைமேல் வட்டவடையிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தான். சொந்த லாரி. நெற்றியில் 'மாசாணியம்மன் துணை' என்று எழுதியிருக்கும். அவன் கிளம்பிவிட்டது தெரியாமல் செல்வப்பிரியா போன் போட்டு, "வர்றப்ப ரெண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் "ம்" என்றான். அடுத்து ஒரு சத்தம். மலை வளைவில் லாரி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. தனபாலின் வலது முழங்கால் அதன்பிறகு முழுதாக மடங்கவே இல்லை. இப்போது அவன் ஒரு எடைமேடையில், மற்றவர்கள் ஓட்டி வருகிற லாரிகளுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறான்.

"ஸ்டியரிங்க வெட்டுனேன், கேக்குல" என்று ஆஸ்பத்திரியில் ஒருதரம் சொன்னான். "போன் பேசீட்டு ஓட்டுனா ஸ்டியரிங் எப்படிரா கேக்கும்?" என்று அம்மா அழுதாள். அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லாரியைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டார்கள். தன்னால்தான் எல்லாம் என்று செல்வப்பிரியாவும் நம்பினாள். அவனுக்கு அந்த லாரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற பித்தில்தான் ஃபோம் ஷீட்டைக் கையில் எடுத்தாள்.

பூண்டுப் பேச்சு வந்ததும் ஆறுமுகசாமி எழுந்தார். துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார். எப்போதும் அப்படித்தான். மருமகள் மனம் நோவதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து போகிற ஒரே ஆள் அவர் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஒவ்வொரு லாரியின் அடிப்பக்கமும் ஒவ்வொரு விதம் என்பது நாலு நாளில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வைக்க வேண்டும், ஊகித்து வைக்கக் கூடாது என்பது குழுவின் கட்டளை. அப்படியானால் மாசாணியம்மன் துணையின் அடியில் என்ன இருந்தது? ஆயுத பூஜைக்கு மாலை போட்ட படங்கள் நிறைய இருந்தன. அடிப்பக்கம் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான். வளைவில் கவிழ்ந்து கிடந்தபோது யாரோ எடுத்து அனுப்பியது. தனபாலின் பழைய போனில் இருந்தது. அதை அவள் ஒருநாளும் திறந்ததில்லை.

பயம் ஒரு பக்கம், என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோமே என்ற ஆசை ஒரு பக்கம். ஆசை ஜெயித்தது.

முதலில் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பட்டைகளை எண்ணினாள். ஒன்பது. பார்சல் பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவை ஒன்பதாக நறுக்கி அடுக்கினாள். முன்சக்கரம் இரண்டையும் இணைக்கிற கம்பி படத்தில் இரண்டாக விட்டுப்போய்க் கிடந்தது. விட்ட இடத்தில் ஒரு கட்டி. அவளுடைய லாரி நிற்கிற லாரி என்பதால் குடைக்கம்பியை முழுசாகவே வைத்தாள். கட்டியையும் விடாமல், எம்-சீல் பசையை உருட்டி அதே இடத்தில் வைத்தாள். படமெடுத்துப் பாஸ்கலுக்கு அனுப்பினாள்.

மத்தியானமே அவன் கூப்பிட்டான்.

"யக்கா, எல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனா அந்த டை ராடுல என்ன கட்டி?"

"போட்டாவுல அப்படித்தானுங்க இருக்குது."

"அந்தப் போட்டாவ அனுப்புங்க."

பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது. "யக்கா… அது வெல்டு. ராடு ஒடஞ்சா மாத்தணும். மாத்தாம ஒட்ட வச்சிருக்காக. எங்க ஒர்க்‌ஷாப்புல இப்படிச் செஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக."

"வண்டி கவுந்ததுல ஒடஞ்சிருக்குமுங்க."

"கவுந்து ஒடஞ்சா வளைஞ்சு நெளிஞ்சுல்ல ஒடையும். இது பிஸ்கட்டாட்டம் நேரா விட்டுருக்கு. விட்ட எடத்துல பாதி துரு. முன்னாடியே பாதி விட்டுப்போயிதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இது விட்டுச்சுன்னா ஸ்டியரிங் கேக்காது. யாரு ஓட்டுனாலும் கவுந்திருக்கும்க்கா."

சாயங்காலம் தனபால் வந்ததும் காபியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அந்த ஓணத்துக்கு முந்தி வண்டியப் பட்டறைக்கு உட்டீங்களா?"

"நானில்ல. அப்பன் கொண்டு போனாரு. ஆயில் மாத்தோணும்னாரு. ஏன்?"

"சும்மாதானுங்க."

முன்கட்டில், மகனின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆறுமுகசாமி எண்ணெய் தேய்த்துவிட்டார். ஆறு வருஷமாக ஒருநாள் தவறாமல் செய்கிறார். அவர் ஏன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறார் என்பது இப்போது அவளுக்கு விளங்கியது. கத்திவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆறு வருஷப் பழி போய்விடும். ஆனால் அதற்கப்புறம் தனபால் அந்தக் கையைத் தன் முழங்காலில் வைக்க விடுவானா?

அவள் ரோட்டுப் புழுதியை வேட்டித் துணியில் சலித்து எடுத்துவந்தாள். ஃபெவிகால் தண்ணீரில் குழைத்து, ஓடி வந்த லாரி போல அடியெல்லாம் பூசினாள். அந்தக் கட்டியின்மேல் மட்டும் இரண்டு தரம் கனமாகப் பூசினாள்.

"தம்பி, நீங்க பாத்ததை யாருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றாள், பூண்டுக் கதையையும் பாஸ்கலிடம் சொல்லிவிட்டு.

"உங்க மேலல்ல பழி கெடக்கு?"

"அது பழகிருச்சுங்க."

இரண்டு மாதம் போயிற்று. ஆயுத பூஜை வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் குழுவினர் எல்லோரும் லாரிகளோடு கூடுவதாக இருந்தது.

பூஜையன்று காலை பூப்பறித்துக்கொண்டு வந்த செல்வப்பிரியா குழாயடியில் அப்படியே நின்றுவிட்டாள். சுப்பாத்தாள் குட்டி லாரியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, சோப்புத்தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புழுதியெல்லாம் செங்காவியாகக் கரைந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அத்தை…"

"ஏன் இப்படி முழிக்கற? சேத்தோட வண்டியக் கொண்டாந்து பூஜைக்கு வெக்கறதா? இந்த ஊட்டுல லாரிக்குப் பொட்டு வெச்சு ஆறு வருசமாச்சு…" சொல்லும்போதே சுப்பாத்தாளின் குரல் உடைந்தது. நிஜ டயரைக் கழுவுகிற மாதிரி ஒவ்வொரு செருப்பு டயரையும் கட்டைவிரலால் துடைத்தாள். செல்வப்பிரியாவுக்குக் கோபம் வரவில்லை.

"இதென்னது கட்டி? பிசின் ஒழுகிருச்சாட்ட இருக்குது. இரு, சுரண்டி எடுத்தர்றேன்."

"உட்டுடுங்க அத்தை."

அவள் சொன்ன வேகத்தில் இருந்த ஏதோ ஒன்று, சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் வந்த ஆறுமுகசாமியை நிறுத்தியது. அவர் குனிந்து பார்த்தார். ஒன்பது பட்டை, குழாய், கம்பி, கம்பியில் கட்டி. நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"பொட்டு வெக்காம இந்த மனுசன் எங்க போறாரு?" என்றாள் சுப்பாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுமுகசாமி வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்றார். "நானும் வர்றேன்" என்றார். அவர் போனால் தானும் போக வேண்டும் என்றாள் சுப்பாத்தாள். தனபாலோடு சேர்த்து நாலு பேரும் பஸ் ஏறினார்கள். லாரிப் பெட்டி வழியெல்லாம் மாமனார் மடியில் இருந்தது.

மண்டபத்தில் நீள மேஜையில் முப்பது லாரிகள் நின்றன. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பார்க்கிறவர்களுக்கு அடிப்பக்கமும் தெரியும்படி வைப்பது அவர்கள் வழக்கம். மாசாணியம்மன் துணை கழுவிய பளபளப்போடும், பம்பரை விடப் பெரிய சந்தனப் பொட்டோடும் நின்றது. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே ரசித்தார்கள். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததை விட பாஸ்கல் குட்டையாக இருந்தான்.

குழுவின் மூத்தவர் ஏசுதாஸ் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "எல்லாம் அச்சு அசல். இந்தக் கம்பில மட்டும் ஒரு கட்டி இருக்கே, இது என்னதும்மா?"

பாஸ்கல் அவளைப் பார்த்தான். பக்கத்தில் மாமனார் நின்றார். அந்தப் பக்கம் தனபால்.

"அது… என்ற கைத்தப்புங்க" என்றாள் செல்வப்பிரியா. "எம்-சீல் கொஞ்சம் சாஸ்தியாப் போயிருச்சு."

"அடடா. இவ்வளவு பண்ணிட்டு அந்த எடத்துல விட்டுட்டியே."

"இவளுக்கு எப்பவுமே அந்தக் கவனம் பத்தாதுங்க" என்றாள் சுப்பாத்தாள்.

"தப்பு அவளுதில்லீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஆறுமுகசாமி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அது வெல்டுங்க. வெச்சது நானு. புது ராடு கோயமுத்தூர்லயே இல்ல, கம்பெனியில இருந்து வாரதுக்கு ரெண்டு நாளாகும்னாங்க. ஓண லோடு காத்துட்டு இருந்துச்சு. ஓணம் முடிஞ்சு மாத்திக்கலாம்னு ஒட்ட வெச்சு உட்டேன். பையங்கிட்டக்கூடச் சொல்லுல." அவர் மூச்சு வாங்கினார். "வண்டி கவுந்தது பூண்டுனால இல்லீங்க."

பூண்டு எங்கே வந்தது என்று மற்றவர்கள் விழித்தார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குப் புரிந்தது.

சுப்பாத்தாள் புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆறு வருசமா இவளை நான் என்னென்ன பேசுனேன்… ஏனுங்க, ஒரு நாளாச்சும் என்ற வாயப் பொத்தியிருக்கக் கூடாதுங்களா?" மருமகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியுமுங்க அத்தை."

"தெரிஞ்சுமா கைத்தப்புன்னு சொன்ன… அம்முணி…" அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செல்வப்பிரியா கேட்டிராத செல்லச் சொல். அடுத்த நொடி செல்வப்பிரியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பற்றிக் கவலையில்லாமல் சுப்பாத்தாள் அழுதாள். செல்வப்பிரியாவும் அழுதாள். ஆறு வருஷமாக அடுப்புப் புகையின் பேரில் அழுததெல்லாம் இப்போது காரணத்தோடு வந்தது.

தனபால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை முழங்காலைத் தடவியது. "அப்ப ஸ்டியரிங் கேக்கலைன்னு நான் சொன்னது நெசந்தான்" என்றான். கோபத்தை விட, தொலைத்த ஒன்று கையில் கிடைத்த வியப்புதான் அவன் குரலில் இருந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கப்பா. நடுங்குது உங்களுக்கு."

ஆறுமுகசாமி உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எப்போதும்போல ஒரு உதறு உதறி மறுபடி தோளில் போட்டுக்கொள்வார் என்று செல்வப்பிரியா நினைத்தாள். அவர் உதறவில்லை. அதை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால்கூட அவர் அப்படிப் பணிந்து நின்று அவள் பார்த்ததில்லை.

அந்தக் கோலத்தில் மருமகளுக்கு எதிரே ஒரு கணம் நின்றார். பிறகு வாசலைப் பார்த்து நடந்தார்.