ரொசெந்தோ தன் பெயரைச் சொன்னானா?

கடைசி டார்ச்சும் அணைந்த மறுநொடி இலாரியோவின் மூக்கில் திருநீற்றுப்பச்சிலை வாசனை ஏறியது.

ஏறியிருக்கக் கூடாது. ஜூலை மாதக் கடைசி, பூமியின் இந்தத் தென்பாதியில் நடுக்குளிர்காலம். வாளியில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடும் குளிர். ஒரு மைல் சுற்றுக்குப் புல்கூடக் கிடையாது, உப்பும் சரளையும்தான். பச்சிலை கார்னிவல் செடி. பிப்ரவரி மழையில் தழைக்கும். ஊரே அதைக் காதில் செருகிக்கொண்டு ஒரு வாரம் ஆடும். வாரக் கடைசியில் வாடியதையெல்லாம் மாவோடும் மதுவோடும் குழியில் போட்டு, கார்னிவலைப் புதைத்துவிட்டதாகச் சொல்லி மண்ணைத் தள்ளும். அதோடு சரி. அடுத்த பிப்ரவரி வரை அந்த வாசனைக்கு இங்கே வேலையில்லை.

"யாராவது சென்ட் போட்டிருக்கீங்களா?" என்று நட்சத்திரம் பார்க்க வந்திருந்தவர்களிடம் கேட்டான். "லென்ஸுக்கு ஆகாது."

லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'விண்வெளித் தூதர்' என்று எழுதியிருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். தலைநகரில் ஏதோ ஒரு பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் எல்லோருக்கும் கொடுத்த அட்டை அது, பாதியில் தூங்கியவர்களுக்கும் சேர்த்து. தோளில் கிடந்த கம்பளிப் போர்வை தாத்தாவுடையது என்று சொல்லிக்கொள்வான். காலாமா பஸ் நிலையத்துக் கடையில் அதே தாத்தாவின் போர்வை எல்லா அளவிலும் கிடைக்கும்.

"மேலே பாருங்கள். பால்வெளிக்கு நடுவே கறுப்பாக ஓர் உருவம் தெரிகிறதா? அதுதான் லாமா, நாங்கள் மேய்க்கும் மிருகம். மற்றவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். எங்கள் முன்னோர் நட்சத்திரங்களுக்கு நடுவில் இருந்த இருட்டைப் படித்தார்கள்."

"ஆஹா" என்றார் சாந்தியாகோவிலிருந்து வந்திருந்த பல் டாக்டர். மஞ்சள் குல்லாய் போட்ட பெண் கம்பளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

வாசனை போகவில்லை. குரலை உயர்த்தினால் போய்விடும் என்பதுபோல் அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

மதியம் நொல்பெர்த்தா வந்திருந்தாள். ரொசெந்தோவின் பெண்டாட்டி. கார்னிவல் முடிந்த மறுநாளிலிருந்து விதவை. அவள் மகனுக்கு இலாரியோ ஞானத்தகப்பன் என்பதால் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள்; அவன் அவளைக் கொமாத்ரே என்பான்.

"நாளைக்கு பூமி வாயத் திறக்குது கொம்பாத்ரே. குழி தோண்டி சோறு போடணும்."

"தெரியும். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி எனக்கு மறக்குமா?"

"மறக்காது. நீதான் வானத்துக்கே கலெக்டராச்சே." அவள் உட்காரவில்லை. "அவன் கனவுல வர்றான். கீச்சுக் குரல்ல பேசுறான். நான் கட்டிக்கிட்டது கீச்சுக் குரல் ஆம்பளைய இல்லையே."

இலாரியோ லென்ஸைத் துடைத்தான். சுத்தமாக இருந்த லென்ஸை.

"கார்னிவல்ல கிழவன் வேசம் கட்டிக் கீச்சுக் குரல்ல பேசினவன், குழிய மூடுறதுக்கு முன்னாடி முகமூடியக் கழட்டி, சொந்தக் குரல்ல தன் பேரச் சொல்லணும். திருவிழாப் பொறுப்பு உன்னோடது. கேட்க வேண்டிய காது உன்னோடது. சொன்னானா?"

"சொன்னான்."

"எந்தக் குரல்ல?"

"அவன் குரல்லதான். ரொசெந்தோ கோல்கேன்னு. கணீர்னு."

அவள் ரொம்ப நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு. சொல்லிட்டுப் போனவனப் பேர் சொல்லிக் கூப்பிட்டா தப்பு, நிம்மதியா இருக்கறவன எழுப்பினதாயிரும். சொல்லாமப் போனவனக் கூப்பிடலன்னாலும் தப்பு. அவனா வருவான். பெண்டாட்டி புள்ள ஊர்னு ஒவ்வொருத்தரா இழுத்துக்கிட்டுப் போவான். கூப்பிடறதா வேண்டாமான்னு இருட்டறதுக்குள்ள நான் ஒரு முடிவு எடுக்கணும்."

"கூப்பிடாத கொமாத்ரே. அவன் நிம்மதியா இருக்கான்."

அவள் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் சுட்ட ஒரு ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவனுக்கு நன்றி சொன்னாள்.

ரொசெந்தோ எதையும் சொல்லவில்லை. கார்னிவலின் கடைசி நாளில் ஒரு வாரத்து மேகம் திடீரென்று கலைந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் வேனில் காத்திருந்தார்கள். குழியருகே ஆட்டுத்தோல் முகமூடிக்குள் ரொசெந்தோ குடித்துச் சரிந்து கிடந்தான். உலுக்கினால் அந்தக் கீச்சுக் குரலில் "என்னைத் தெரியுதா? நான் யாரு?" என்று வாரம் முழுக்கக் கேட்ட கேள்வியையே கேட்டான். காத்திருந்தால் ஒரு மணி நேரம் போகும். இலாரியோ நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "சொல்லிட்டான்! சொல்லிட்டான்!" என்று கத்தினான். ஊரும் போதையில்தான் இருந்தது. மண்ணைத் தள்ளியது, ஆடிக்கொண்டே கலைந்தது. ரொசெந்தோவைப் பட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் வேனில் ஏறினான். அன்று இரவு அவன் பேச்சு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

விடிந்ததும் முதலில் ஓடியவனும் அவன்தான். சுவரோரம் உறைபனி; மேகமில்லாத இரவில் இந்த உயரத்தில் எந்த மாதமும் உறையும். முகமூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. எளிதில் வரவில்லை. அதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, வாசல்வரை கொண்டுபோய் விட்டேன், திரும்பக் குடிக்கப் போயிருக்கிறான் என்று ஊருக்குச் சொன்னான். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று நட்பைப் பற்றி உருக்கமாகப் பேசியதும் அவன்தான்.

"தூதரே, அந்தப் பக்கம் நிக்கிறவர் நம்ம குழுவா?" என்றார் பல் டாக்டர்.

"எந்தப் பக்கம்?"

"தொலைநோக்கிக்குப் பின்னாடி."

எல்லோரும் கம்பளத்தில் படுத்திருந்தார்கள். தொலைநோக்கிக்குப் பின்னால் நட்சத்திரங்கள் ஓரிடத்தில் இல்லை. ஆள் உயரத்துக்கு இல்லை. தோள் அகலத்துக்கு இல்லை.

காற்று நின்றிருந்தது. சரளையில் ஒரு கால் அடி வைத்தது. சின்ன மணி ஒன்று, வேசக்காரன் இடுப்பில் கட்டுவது, ஒரே ஒரு தடவை. பச்சிலை வாசனை இப்போது யாரோ கசக்கி அவன் உதட்டில் தேய்த்ததுபோல் கனத்தது.

"என்னைத் தெரியுதா?"

கீச்சுக் குரல். பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

மஞ்சள் குல்லாய்ப் பெண் சிரித்தாள். "ஐயோ, நாடகமும் உண்டா!"

"நான் யாரு?"

இலாரியோவுக்குத் தெரியும். ஒரு பெயர். ரொசெந்தோ கோல்கே. நான் பொய் சொன்னேன், நான் உன்னைக் குளிரில் விட்டேன். அவ்வளவுதான். சொன்னால் முடிந்துவிடும். நாக்கு மேலண்ணம்வரை எழுந்தது. ஆனால் இத்தனை பேர் கேட்கிறார்கள். நாளைக்குப் பல் டாக்டர் ஊருக்குள் சாப்பாட்டுக் கடையில் இதைச் சொல்வார். அங்கே பரிமாறுவது நொல்பெர்த்தாவின் தங்கை.

"தெரியாது" என்றான். சிரிக்கக்கூட முயன்றான். "யாருன்னே தெரியாது."

கிட்டத்தட்ட மரியாதையாக, "சரி" என்றது குரல்.

தொலைநோக்கிக்குப் பின்னால் நட்சத்திரங்கள் திரும்பி வந்தன. மணிச் சத்தம் சரிவில் இறங்கியது. அவசரமில்லாமல். ஊரை நோக்கி.

கீழே ஓரமாக இருந்த வீட்டின் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். நொல்பெர்த்தா நாளைய குழிக்காக மாவு பிசைந்துகொண்டிருப்பாள். கத்தினால் கேட்கும் தூரம். கதவைத் திறக்காதே என்று கத்தினால் போதும். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று ஊரே கேட்கும்.

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

கதவு திறந்தது. வெளிச்சம் நீள்சதுரமாக முற்றத்தில் விழுந்தது. அதில் அவள் நின்றாள். எதிரே ஒன்று நின்றது. அவள் பின்வாங்கவில்லை. கையை நீட்டினாள். அவன் நிம்மதியாக இருக்கிறான் என்ற பேச்சை நம்பியவள், பயமில்லாமல் நீட்டினாள்.

விளக்கு அணைந்தது.

அடுத்த வீடு. அணைந்தது. அதற்கடுத்தது. கதவுகள் திறக்கும் சத்தம். அலறல் இல்லை. ஒன்றுகூட இல்லை. கார்னிவல் பாட்டு மட்டும், மெல்ல, பல குரல்களில். எல்லாம் கீச்சுக் குரல்.

ஊர் முழுக்க இருட்டியதும் பாட்டு சரிவில் ஏறத் தொடங்கியது.

"அற்புதம்!" பல் டாக்டர் எழுந்து செல்போன் விளக்கைப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். "இதெல்லாம் விளம்பரத்துல போடவே இல்லையே தூதரே!"

கைகோத்த நீண்ட வரிசை. வளைந்து வளைந்து வந்தது. முன்னால் போனதன் முகத்தில் வெளிச்சம் ஒட்டவில்லை. அதன் கையைப் பிடித்தபடி நொல்பெர்த்தா. விரலெல்லாம் மாவு. அவள் தங்கை. ரொட்டிக்கடைக்காரன். பாதிரியார், செருப்பில்லாமல். எல்லோர் முகத்திலும் சந்தோஷம்.

"போகாதீங்க" என்றான் இலாரியோ. யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கே கேட்கவில்லை.

செல்போன் வெளிச்சத்தில், கம்பளத்திலிருந்து எழுந்தவர்கள் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக மூச்சின் ஆவி போனது. அவன் வாயிலிருந்தும் போனது. ஆடி வந்தவர்கள் வாய் திறந்து பாடினார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

மஞ்சள் குல்லாய்ப் பெண் ஓடிப்போய்க் கடைசி ஆளின் கையைப் பிடித்தாள். சிரித்தாள். ஒரு கொத்து ஆவி எழுந்து கலைந்தது. மறுபடி சிரித்தாள். வெறும் வாய்.

அவள் தன் இன்னொரு கையை இலாரியோவின் பக்கம் நீட்டினாள்.