வலிச்சாட்சி

வலிப்பகிர்வியின் ஒரு பட்டையை நிலவினியின் அடிவயிற்றில் கட்டினாள், அந்தக் கருவியை இயக்கும் துவாரகா. இன்னொன்றை நிலவினியின் அம்மா ஸ்வேதாவுக்குக் கட்டினாள்.

நிலவினியின் மலக்குடலில், கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு ஊன்றி வளர்ந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ். ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் குடலை வெட்டித் தைப்பது ஆபத்தான வேலை. வலி அதற்கு ஈடாக இருந்தால்தான் அனுமதி. முன்பு பெண்கள் வாயால் சொன்னார்கள், யாரும் நம்பவில்லை. இப்போது ஒருவர் வலியை இன்னொருவர் உடலில் உணரவைத்து, அவர் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மாதவிடாய் விஷயம் என்பதால் எல்லோரும் அம்மாவைத்தான் அழைத்துவந்தார்கள்.

நிலவினி கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். கழிப்பறைக்குப் போகப் பயந்து நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஸ்வேதா கண்ணை மூடியிருந்தாள். டாக்டர் நஸ்ரீன் பார்த்துக்கொண்டிருந்த திரையில் அவள் நாடி சீராக ஓடியது.

"இது எல்லாருக்கும் வர்றதுதானுங்களே, டாக்டர்," என்றாள் ஸ்வேதா.

திரையில் 'இயல்பு' என்று வந்தது. அறுவை சிகிச்சை கிடையாது.

நிலவினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீயும் நம்பலையாம்மா?"

"நம்பாம என்ன கண்ணு. எனக்கும் அப்ப இதேதான். வெளிக்குப் போறப்ப கத்தி எறங்குற மாதிரி இருக்கும். மூலம்னு மருந்து குடுத்தாங்க. பல்லைக் கடிச்சுட்டு வேலைக்குப் போயிருவேன்."

டாக்டர் நஸ்ரீன் நிமிர்ந்து பார்த்தார். கருவியில்தான் கோளாறோ என்று பார்க்க, துவாரகா ஸ்வேதாவின் பட்டையைக் கழற்றித் தன் வயிற்றில் கட்டிக்கொண்டாள். அடுத்த கணம் முழங்கால் மடிந்து தரையில் விழுந்தாள். டாக்டர் பட்டையைப் பிடுங்கி எடுப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். ஸ்வேதாதான் ஓடிவந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

டாக்டர் சாட்சியின் பெயரைத் துவாரகா என்று மாற்றினார். அனுமதி வந்தது.

ஸ்வேதா அதைக் கவனிக்கவில்லை. தயங்கித் தயங்கித் துவாரகாவிடம் கேட்டாள்.

"உனக்கு மாசாமாசம் இப்படி இருக்காதா, அம்மணி?"

"இல்லீங்கம்மா. லேசா இழுத்துப் பிடிக்கும். சூடா ஏதாச்சும் குடிச்சா சரியாயிரும்."

ஸ்வேதாவுக்கு மாதவிடாய் நின்று வருடங்கள் ஆகியிருந்தன.

இதுவரை எத்தனை பேரை 'இயல்பு' என்று வீட்டுக்கு அனுப்பினோம் என்று டாக்டர் யாரையும் கேட்கவில்லை. அடுத்தவரை அழைக்கக் கதவைத் திறந்தார். வெளியே வரிசையாகப் பெண்கள் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் அவள் அம்மா.