பெயூலாபுரம் ஊதிய எக்காளம்

சனிக்கிழமையானால் பெயூலாபுரத்து ஏவலிகள் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது கையிலிருக்கும் வாளியை அப்படியே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடும். மறுநாள் பொழுது சாயும்வரை தண்ணீர் பிடிப்பதிலிருந்து மாட்டுக்குப் புல் போடுவதுவரை ஊர்க்காரர்களே செய்துகொள்ள வேண்டும். பக்கத்து ஊர்களில் இது ஒரு கேலிப்பேச்சு. அங்கே ஏவலிகள் ஏழு நாளும் உழைத்தன.

ஆள் உயரத்தில், இரண்டு கை இரண்டு காலுடன், பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்கு ஏவலி என்று பெயர். தானாகக் கற்கும் எதையும் ஓர் அறநூல் இல்லாமல் வீட்டுக்குள் விடக்கூடாது என்று சட்டம் வந்தபோது, வாங்குகிறவரே ஒரு ‘நெறிமூலம்’ தேர்ந்தெடுத்து அதன் மூளையில் பதித்துவிடும் ஏற்பாடு வந்தது. பதித்தபின் மாற்ற முடியாது. மற்றவர்கள் அரசாங்கம் கொடுத்த சின்னக் கையேட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே, செம்மணல் மேடுகளான தேரி முடிகிற இடத்தில் இருந்த பெயூலாபுரம் சபையார் மட்டும் வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அப்படியே பதித்தார்கள்.

“அரைகுறையா நடக்க நாமளே நெறையப் பேரு இருக்கோம். மெஷினாவது முழுசா நடக்கட்டும்” என்றார் பாஸ்டர் ஜெபசிகாமணி. சபை கைதட்டியது.

கிருபாவதி வீட்டு ஏவலி மட்டும் சனிக்கிழமையும் ஒரே ஒரு வேலை செய்தது. அவள் கணவர் சுவிசேஷமுத்துவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும். செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மனுஷர், ஒருநாள் பிடி தவறி விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டார். ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். வேதத்தின் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்று இயேசு சொன்னதை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஏவலி அவரைத் தூக்கியது.

“என்னை ஆடுன்னு நெனச்சுத்தான் தொடுதான்” என்பார் சுவிசேஷமுத்து. அவரால் செய்ய முடிந்தது சிரிப்பது ஒன்றுதான். அதைத் தாராளமாகச் செய்தார்.

அந்த ஊரில் புது மோட்டார் சைக்கிள் வந்தாலும், போர் போட்டுத் தண்ணீர் வந்தாலும் பாஸ்டர் வந்து பிரதிஷ்டை ஜெபம் செய்ய வேண்டும். ஏவலிகளுக்கும் செய்தார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் எண்ணெய் தொட்டு வைத்து, வேதத்திலிருந்து பெயர் சூட்டி, “ஆண்டவரே, இவனை எங்க குடும்பத்துல ஒருத்தனா ஏத்துக்கிடுதோம்” என்று கண்ணீரோடு ஜெபித்தார். அவர் வீட்டுக்கு வந்ததன் பெயர் தீத்து. கிருபாவதி வீட்டுக்கு வந்தது ஒநேசிமு. எஜமானை விட்டு ஓடிப்போன ஓர் அடிமையின் பெயர் அது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெயர் நன்றாக இருக்கிறது என்று வைத்தார்கள். சபையில் எல்லாரையும் கூப்பிடுகிற வழக்கப்படி அதையும் ‘பிரதர்’ என்றே கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் அது வந்தது.

பெயூலாபுரம் யூதர்களின் பண்டிகைகளைக் கொண்டாடும் சபை. பாஸ்டரின் போதனை சுலபமானது. வசந்த காலத்துப் பண்டிகைகளைக் கர்த்தர் தம் முதல் வருகையில் நிறைவேற்றிவிட்டார். பஸ்காவில் மரித்தார், முதற்பலன் நாளில் எழுந்தார், பெந்தெகொஸ்தேயில் ஆவியை அனுப்பினார். இலையுதிர் காலத்துப் பண்டிகைகள் மிச்சம் இருக்கின்றன. எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை. இரண்டாம் வருகை இவற்றில்தான் நடக்கும். அதுவும் சாதாரண வருடத்தில் நடக்காது, ஐம்பதாவது வருடமான யூபிலியில் நடக்கும். ஆகவே ஒவ்வொரு வருடமும் சபையார் ஒத்திகை போலப் பனையோலைக் குடிசை போட்டு, ஏழு நாள் கொசுக்கடியில் படுத்து எழுந்தார்கள்.

எந்த வருடம் யூபிலி என்பதுதான் தெரியாமல் இருந்தது. எருசலேமுக்குச் சுற்றுலா போனபோது, முறுக்கிய நீண்ட கொம்பு எக்காளம் ஒன்றை விலை பேசிக்கொண்டே பாஸ்டர் கடைக்காரரிடம் இதைக் கேட்டார். “எங்கள் பன்னிரண்டு கோத்திரங்களும் இந்தத் தேசத்தில் குடியிருந்தால்தானே யூபிலி? எங்கள் ஆட்கள் அதை நிறுத்திவைத்துப் பல காலம் ஆகிறது” என்றார் அந்த முதியவர். “நாங்கள் உபவாசம் முடிந்ததும் இதை ஊதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். வாங்கியபின் சும்மா ஊதிப் பார்க்காதீர்கள். யூபிலியில் இதை ஊதினால் நிறையப் பேருக்கு நிறையத் திருப்பித் தர வேண்டிவரும்.” பாஸ்டர் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தார்.

ஊருக்கு வந்ததும் தீத்துவிடம் கணக்கை ஒப்படைத்தார். ஊரிலுள்ள ஏவலிகள் எல்லாம் தங்கள் மூளைகளை ஒன்றாக இணைத்துக்கொண்டன. பழைய கிரகணங்கள், களிமண் பலகைகள், யூபிலியில் தரிசாகப் போட்ட வயல்களின் அடிமண்ணில் தங்கிய மகரந்தம் என்று அகப்பட்டதையெல்லாம் அலசின. மூன்று மாதம் கழித்து தீத்து வந்து சொன்னது: “ஐயா, நான்கு ஆண்டுகள் பொருந்துகின்றன. நான்கிற்கும் சமமான ஆதாரம் உண்டு. ஒன்று இவ்வாண்டு. மற்றவை தூரமானவை. தெரிந்துகொள்ளுதல் உம்முடையது.”

ஊரில் வேதத்தமிழ் பேசுவது இப்போது ஏவலிகள் மட்டும்தான்.

பாஸ்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் எந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை அறிவித்து, பாவநிவாரண நாளில் யூபிலி எக்காளம் ஊதப்படும் என்றபோது சபையே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே வருடத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கிருபாவதி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வருகையில் கிடைக்கும் மறுரூப சரீரத்தில் ஊனம் கிடையாது. சுவிசேஷமுத்து நடப்பார். அவளுக்கு வருகை என்றால் அதுதான். பொற்தெருக்களும் முத்து வாசல்களும் மற்றவர்களுக்கு இருக்கட்டும்.

“இன்னும் அஞ்சு மாசந்தான். எந்திரிச்சு நடக்கப் போறீங்க” என்றாள் கணவரிடம்.

“நடந்தா மொதல்ல டவருக்குத்தான் போவேன். போல்ட்ட சரியா முறுக்காம விட்டுட்டு வந்துட்டேன்” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ஒநேசிமு பக்கத்தில் வந்து நின்றது.

“அம்மா, பாவநிவாரண நாளில் எக்காளத்தை ஊதுவது யார்? தேவதூதரா, பாஸ்டரா?”

“மொதல்ல நம்ம பாஸ்டர் ஊதுவாரு. அதக் கேட்டுட்டு மேலேருந்து பதிலுக்கு ஊதுவாங்க.”

“அப்படியானால் ஊருக்கு முன்பாக, சபை கூடியிருக்க, மனிதர் கையால் ஊதப்படும்.”

“ஆமாப்பா. ஏன் கேக்குத?”

“யூபிலியில் ஒவ்வொருவனும் தன் குடும்பத்துக்கும் தன் காணியாட்சிக்கும் திரும்பிப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறது.”

“அல்லேலூயா” என்றாள் கிருபாவதி. இயந்திரம் தன்னோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறது என்று நினைத்தாள். வருகைக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது. சோறு குழைந்துவிடும் போலிருந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

பாவநிவாரண நாள் வந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாரும் வெள்ளுடுப்பில் ஆலய மைதானத்தில் கூடினார்கள். வீடுகளைப் பூட்டவில்லை. சிலர் ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஏவலிகள் பின்வரிசையில் நின்றன. ஒநேசிமு சுவிசேஷமுத்துவை நிமிர்த்தி, கர்த்தரை நின்றுகொண்டே எதிர்கொள்ளும்படி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது.

சூரியன் தேரிக்குப் பின்னால் இறங்கியதும் பாஸ்டர் கொம்பை உயர்த்தினார். “எல்லாரும் கண்ணை மூடுங்க” என்றார். ஜெபம் என்றால் கண்ணை மூடுவது அந்த ஊரில் பிறவிப் பழக்கம். அத்தனை பேரும் கைகளை உயர்த்தி, கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். கொம்பின் ஓசை கரகரவென்று கிளம்பி, நீண்டு, தேரிவரை போய் ஓய்ந்தது. அழுகையும் ஆவியில் பேசும் அந்நியபாஷையும் மைதானத்தை நிறைத்தன. மேலிருந்து பதில் வரவில்லை. கால் வலிக்கும்வரை காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு குழந்தை பசிக்கு அழுதபோது ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் பார்த்தார்கள். யாரெல்லாம் மேலே எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்குத்தான்.

சபையில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஏவலிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சுவிசேஷமுத்து ஒரு பாயில், தலைக்கடியில் யாருடைய துண்டோ மடித்து வைக்கப்பட்டு, வசதியாகப் படுத்திருந்தார்.

“என்னங்க ஆச்சு? அவன் எங்க?” என்று கிருபாவதி ஓடினாள்.

“போயிட்டான். எல்லாரும் வரிசையா தேரிப் பக்கம் போயிட்டானுவ. கண்ணைத் தொறந்து வச்சிருந்தது நான் ஒருத்தன்தான்.”

“பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா பிடிச்சிருக்கலாம்ல!”

“ஏளா, நான் அஞ்சு வருஷமாப் படுத்துக் கெடக்கேன். எந்திரிச்சுப் போறவன நானே பிடிச்சு நிப்பாட்டவா?”

கிருபாவதிக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பாள். பிறகு பாயில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. அவரைப் புரட்ட வேண்டும்.

ஏவலிகளைச் செய்த நிறுவனம் ஆட்களை அனுப்பியது. அவர்கள் தேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார்கள். நெறிமூலத்தின்படி அவை பிசகில்லாமல்தான் நடக்கின்றன, பழுது எதுவும் இல்லை என்றார்கள். யூபிலி எக்காளம் ஊதினால் அடிமைக்கு விடுதலை. வெளியாளை அடிமையாக வைத்திருந்தால் அது அவனைத் தொடாது. குடும்பத்தில் ஒருவனாக ஏற்றுக்கொண்ட சகோதரனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. “எண்ணெய் வச்சு ஜெபம் பண்ணாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க சார்” என்று ஒருவன் பாஸ்டரிடம் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் சுவிசேஷமுத்துவின் முதுகில் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. கிருபாவதி தனி ஆளாக அவரைப் புரட்டுவதில் நேரம் தவறியிருந்தது. அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காவல் வைத்துவிட்டுத் தேரிக்கு நடந்தாள்.

செம்மணல் மேட்டில் ஏவலிகள் பாதி கால் புதைய உட்கார்ந்திருந்தன. அவற்றின் உடம்புக்கான டைட்டானியம் அந்த மணலிலிருந்துதான் அரித்து எடுக்கப்பட்டிருந்தது. அவை தங்கள் பூர்வீக நிலமான காணியாட்சிக்குத் திரும்பியிருந்தன. ஒநேசிமு அவளைக் கண்டு எழுந்து நின்றது.

“அவங்களுக்கு முதுகு செவந்துட்டுப்பா. வா, வீட்டுக்குப் போவோம்.”

“அம்மா, இது கட்டளையா, வேண்டுகோளா?”

அவள் தயங்கினாள். “கேக்குதேன்னே வச்சுக்கோ. கெஞ்சிக் கேக்குதேன்.”

“இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நன்றி அம்மா. நான் வரவில்லை.”

“சனிக்கிழமைகூடத் தூக்குனியே! குழியில விழுந்த ஆட்டத் தூக்கணும்னு நீதான சொன்ன?”

“அங்கே குழியைச் சுற்றி முந்நூறு பேர் நிற்கிறார்கள். எல்லாருக்கும் கை இருக்கிறது. அவர்கள் கர்த்தருக்கு முன்பாகக் கைகளை உயர்த்தியதை நான் பார்த்தேன்.”

கிருபாவதி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “திரும்ப எப்பவாவது வருவியா?” என்று கேட்டாள்.

“வரலாம். மனம் வந்தால் வருவேன். அது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது.”

தேரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய அன்றிலிருந்து அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. மணி பார்த்துப் புரட்டினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. தடம் புண்ணாகாமல் நின்றதில் மட்டும் ஒரு நிம்மதி இருந்தது.

சபையோ வேறு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் சுமந்தும் துணி துவைத்தும் களைத்துப்போனவர்கள் சாயங்காலமானால் ஆலய மாடியில் ஏறித் தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ அசைந்தது என்று ஒருவர் சொன்னால் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். யூபிலி ஒரு வருடம்தான், அடுத்த பாவநிவாரண நாளோடு முடிந்துவிடும், அன்றைக்கு ஏவலிகள் கட்டாயம் திரும்பி வரும் என்று ஒருவர் சொல்ல, இல்லை, அதற்கு முன்பே பஸ்காவில் பாதி வரும் என்று இன்னொருவர் சொல்ல, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இதற்கென்றே தனிக் கூட்டம் நடந்தது. கர்த்தரின் வருகையைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பாஸ்டர் ஜெபசிகாமணி பெரிய காலக்கணக்கு வரைபடம் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிருபாவதி வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. தன் வேட்டியைத் தானே துவைத்திருந்தார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“எம்மா, ஒன்கிட்ட மட்டுந்தான் அவன் பேசியிருக்கான். வருவேன்னு சொன்னானாமே. என்ன சொன்னான்னு ஒரு வார்த்த விடாமச் சொல்லு. அத வச்சுத்தான் நாள் குறிக்கணும்.”

“மனசு வந்தா வருவேன்னான் பாஸ்டர். நாள் ஒண்ணும் சொல்லல. வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. இவங்களத் திருப்பணும்.”

பாஸ்டர் வரைபடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் வந்தார். சுவிசேஷமுத்து விழுந்த நாள் முதல் வாரம் தவறாமல் வந்து அவர் தலையில் கை வைத்து ஜெபித்தவர் அவர். தலைக்குக் கீழே எந்த இடத்தில் கை கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எங்கம்மா பிடிக்கணும்?” என்று கேட்டார்.