இங்குன் பாராட்டிய ஓசை

படத்தை நிறுத்திய பிறகும் கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.

திரைப்பட விழாவுக்கு வரும் சின்னப் படங்களை முன்கூட்டியே பார்த்து, எதைத் தவறவிடக் கூடாது என்று எழுதுவது இங்குனின் வேலை. வட நார்வேயின் துரோம்சோவில் நவம்பரிலேயே சூரியன் போய்விட்டது. ஜனவரியின் அந்தப் பிற்பகலிலும் சன்னல் முழுக்க இருட்டு. கூரையிலிருந்து பனி சரிந்து விழும் பொத்தென்ற ஓசை, ஈரக் கம்பளியின் வாடை, அவற்றுக்கிடையே கோப்பைக்குள் கரண்டி நிதானமாகச் சுற்றும் கிணுகிணுப்பு. கணவன் பிரிந்து போனபின் இப்படி நாள் முழுக்க யாரோடும் பேசாமலிருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. அதனாலோ என்னவோ, அந்தச் சத்தம் முதலில் துணையாகவே இருந்தது.

படத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிவரை அவ்வளவுதான். 'இவளுடைய தனிமையை ஒரு கரண்டியின் ஓசையே சொல்லிவிடுகிறது. கட்டாயம் பாருங்கள்' என்று எழுதி விழாக்குழு நண்பன் ஐலிஃபுக்கு அனுப்பிவிட்டு, ஒரு காட்சியைச் சரிபார்க்கத்தான் மறுபடி ஓடவிட்டு நிறுத்தினாள்.

கணினியின் ஒலியை அடைத்தாள். மூடியை மூடினாள். கரண்டி சுற்றிக்கொண்டேயிருந்தது.

கைப்பேசி அடித்தது. ஐலிஃப்.

"ஏய் இங்குன், உண்மையச் சொல்லு, படத்தப் பாத்தியா இல்ல தூங்கிட்டியா?"

"முழுசாப் பாத்தேன். ஏன்?"

"கரண்டிச் சத்தம்னு உருகி உருகி எழுதியிருக்கே! அது ஊமைப்படம்மா. டைரக்டர் வேணும்னே ஒலியே வைக்கல. நீ எதைக் கேட்டே?"

அவள் மூடிய கணினியின்மேல் காதை வைத்துப் பார்த்தாள்.

"ஹலோ? தூங்கிட்டியான்னு சும்மா கிண்டல் பண்ணேன். கோவமா?"

"ஐலிஃப்... இப்பவும் கேக்குது."

"பக்கத்து வீடா இருக்கும். ஆமா, எனக்கும் லேசாக் கேக்குதே. யாரு வந்திருக்கா உன் வீட்டுக்கு?"

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். மணி போகவேயில்லை.

காப்பி மணம். அவள் காப்பி போடவில்லை. சமையலறைக் கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சம். வெளியே ஓடிவிடலாம். ஆனால் வாசலுக்குப் போக அந்தச் சமையலறைக்குள் புகுந்துதான் ஆகவேண்டும்.

தள்ளினாள்.

மேசையில் ஒருத்தி. முதுகு. ஈரக் கூந்தல். தரையில் சொட்டுச் சொட்டாக நீர்.

கரண்டி நின்றது.

"முடிஞ்சுதா படம்?" குரல் கனிவாக இருந்தது. "வா, உக்காரு. ஆறிடப் போகுது."

அவளுக்காக ஒருவர் காப்பி கலந்துவைத்து எத்தனை காலமாயிற்று. ஓடத்தான் நினைத்தாள். கால்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர் நாற்காலிக்குப் போயின. உட்கார்ந்தாள். கோப்பை சூடாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே முகம் இல்லை. இந்தப் பக்கமும் பின்னந்தலைதான். ஈரக் கூந்தல். முதுகு. மேசைமீதிருந்த அதன் கை மட்டும் மெல்ல நீண்டு, அவள் கையைப் பற்றிக்கொண்டது.