கன்னத்தின் உள்பக்கம்

மூன்று மாதமாகப் பல் தேய்த்த பிரஷ்ஷில் ஒன்றுமே இல்லை என்றாள் பரிசோதனைக்கூடத்துப் பெண்.

"புது பிரஷ்ஷாம்மா?"

"முள்ளெல்லாம் வளைஞ்சு கிடக்கு பாரு. என் பையன் தினமும் தேய்க்கிறான்."

"ஒரு நாள் தேய்ச்சாலே எங்களுக்குப் போதும். எச்சிலோட வாய்த்தோல் கொஞ்சம் உதிர்ந்து ஒட்டியிருக்கும். இதுல யாருமே இல்ல."

தையற்காரி பிரஷ்ஷைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். மூன்று மாதம் முன்பு, மகன் போன படகு ஆற்றில் கவிழ்ந்த மறுநாளே, காணாமல் போனவர்களின் பெற்றோர் எல்லோரிடமும் வாயில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து மாதிரி எடுத்திருந்தார்கள். நான்காம் நாள் அவளுடைய மகன் தானாகவே நடந்து வீட்டுக்கு வந்தான். பிள்ளை பிழைத்தான் என்று எழுதிக் கொடுத்து, தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். போன வாரம் ஆறு ஓர் உடலைக் கரையில் ஒதுக்கியது. முகம் இல்லை.

"அந்த உடலோட மரபணுவை இருபது இடத்துல ஒப்பிட்டுப் பாத்தோம்மா. எல்லா இடத்திலயும் ஒரு பாதி உங்களோடது, மறுபாதி உங்க வீட்டுக்காரரோடது."

அவள் பெற்றது ஒன்றே ஒன்று.

"அப்போ அவனை என்கிட்ட குடு."

"நீங்க எழுதிக் குடுத்ததுல பையன் உயிரோட இருக்காரேம்மா. வீட்டுல இருக்கிறவர் வேற ஆள்னு காட்ட அவர் வாயிலேருந்து மாதிரி வந்தாத்தான் குடுக்க முடியும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு நம்பர் போட்டுப் புதைச்சிடுவாங்க."

"குச்சியைக் குடு. நான் நம்பரைப் பெக்கல."

வீட்டு வாசலில் கணவர் வழிமறித்தார். "வந்தவனை ஏத்துக்கடி. கிளறாத."

"உங்களுக்குப் பயம்னா வெளியவே நில்லுங்க," என்று அவரை விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

நடுப்பகல். தையல் மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை கூடம் முழுக்க இருந்தது. மகனின் அறையை நெருங்க நெருங்க அது குறைந்து, மூன்று நாள் போட்ட சட்டையில்கூட வீசும் அந்தச் சோப்பு வாசனை மட்டும் மிஞ்சியது. வேர்வை இல்லை, காலரில் அழுக்கில்லை. பிள்ளை திருந்திவிட்டான் என்று இத்தனை நாள் மெச்சிக்கொண்ட தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. மூச்சுவிடும் சத்தம் கேட்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இவளுக்காகவே காத்திருந்தவன் போல.

"எங்கம்மா போயிருந்த?"

அச்சு அசல் அவன் குரல். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

"என் பையனைப் பார்க்க. வாயைத் திற."

"நான் இங்கதான இருக்கேன்."

"திறன்னு சொன்னேன்."

திறந்தான்.

பற்கள் வெள்ளையாக இருந்தன. அதற்குப் பின்னால் இருட்டு. ஈரமில்லை. நாக்கைக் காணவில்லை.

பயமாக இருந்தது. ஆனால் அங்கே, குளிர்ப்பெட்டியில், அவள் பிள்ளை பெயரில்லாமல் கிடக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியை உள்ளே விட்டாள். கன்னத்தின் உள்பக்கம் தேடினாள்.

இல்லை.

இன்னும் விட்டாள். விரல்கள் போயின. மணிக்கட்டு போனது.

"இன்னும் உள்ளேம்மா," என்றது குரல். உதடு அசையவில்லை.

"வரேன், இரு."

காலை ஊன்றிக்கொண்டு தள்ளினாள். முழங்கை மறைந்தது. குச்சி இன்னும் எதன்மேலும் படவில்லை.