பிள்ளைகள் அளவு முகமூடி

நிலவின் வெள்ளைப்பாறைக் குடியிருப்பில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தால் மூச்சுக்குத்து வைப்பார்கள். புதுச்சட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். பல்பொறி என்கிற இயந்திர வைத்தியர் பிள்ளையின் மூக்குக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு குழலைப் பொருத்தும். பிள்ளை வீலென்று கத்தும். மாமன் அதன் வாயில் தித்திப்புக் குழைவைப் பிதுக்குவான். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அன்றிலிருந்து தலைமாட்டில் ஒரு சின்ன விசிறி குழல் வழியாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும், பிள்ளை குறட்டை விடாமல் தூங்கும். இந்த விசேஷம் நடக்காத வீடு அந்த ஊரில் கிடையாது.

இது எதற்கு என்று கேட்டவர்களும் கிடையாது. அங்கே யாரும் எதையும் மென்று தின்பதில்லை. சாப்பாடு குழைவாகக் குழாயில் வரும், பிதுக்கி விழுங்கினால் வேலை முடிந்தது. உணவுத் துணுக்குகள் பறந்துபோய்க் காற்றுச் சல்லடையை அடைத்துவிடும் என்று ஆரம்ப நாளில் செய்த ஏற்பாடு அது. சல்லடையைப் பிறகு எவ்வளவோ திருத்திவிட்டார்கள், வழக்கத்தை மட்டும் திருத்தவில்லை. வேலை கொடுக்காத தாடை வளராது. வளராத தாடையில் பற்கள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலண்ணம் குறுகிக் கூரைபோல் எழும்பும். அதன் மாடியில் இருப்பதுதானே மூக்கு, அதுவும் சேர்ந்து குறுகும். பிள்ளை வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தூக்கத்தில் திணறும், மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும். மந்தம் என்று நாலு திட்டுத் திட்டிவிட்டு, மூச்சுக்குத்துக்கு நாள் பார்ப்பார்கள்.

முகமூடி வார்ப்பகத்தில் அச்சு செய்கிற அருமைநாதனும் அப்படித்தான் நாள் பார்த்திருப்பான். ஆனால் மகள் ஜெனோவாவுக்கு நாலு வயதில் ஒரு சளி பிடித்தது. பல்பொறியிடம் தூக்கிக்கொண்டு போனான்.

"இவள் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாளா?" என்று கேட்டது பல்பொறி.

"நம்ம ஊர்ல எந்தப் பிள்ளை வாயை மூடிக்கிட்டுத் தூங்குது? ஏன் அப்படி?" என்றான் அருமைநாதன். வாய்க்கு வந்ததைத்தான் கேட்டான்.

"தாடை குறுகல். இந்த வயதில் எலும்பு இளசு. அண்ணவிரிப்பான் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டலாம். கூடவே கெட்டியானதைக் கடித்துத் தின்னப் பழக்க வேண்டும். குழலே தேவைப்படாமல் போகலாம்."

"இத்தனை நாளா இதை யார்கிட்டயும் சொல்லலையே நீ?"

"யாரும் கேட்கவில்லை. குழல் எப்போது வைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள்."

அருமைநாதன் அன்றே விரிப்பானைப் பொருத்தச் சொன்னான். பயிர்க்கூடத்தில் அரைத்து உரமாக்கப் போட்டிருந்த சோளத்தட்டைகளில் நல்லதாகப் பார்த்து நறுக்கி எடுத்துவந்தான். கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டு வேலை போல, மகளுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தான்.

அவன் மனைவி சந்தனமேரிக்கு மானம் போயிற்று. "ஏங்க, பொம்பளப் பிள்ளைய மாடு மாதிரி அசைபோட வைக்கிறீங்களே, யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பூமியில பிள்ளைங்க கரும்பைப் பல்லாலயே உரிச்சுத் திங்குமாம். அது நம்ம சாதி சனந்தானே?" என்பான் அவன். பூமியை அவன் பார்த்ததில்லை. ஆனால் அங்கே உள்ள பிள்ளைகளெல்லாம் கரும்பும் தேங்காயுமாகக் கடித்து, மூக்கால் நிம்மதியாக மூச்சுவிட்டு வாழ்வதாக உறுதியாக நம்பினான். கெட்டதெல்லாம் நிலவுக்கு வந்ததால் வந்த கேடு என்பது அவன் கட்சி.

சந்தனமேரியின் அண்ணன் ராயப்பன் ஊரின் பாதுகாப்புக் குழுத் தலைவர். ஒரே தங்கச்சியின் ஒரே பிள்ளைக்கு மடி கொடுக்க முடியவில்லையே என்று அவருக்குப் பெரிய மனத்தாங்கல். பார்க்கும்போதெல்லாம், "என் மடி காலியாக் கெடக்கு மாப்ள," என்பார். அருமைநாதன் சிரித்து மழுப்புவான்.

ஏழு வயதில் ஜெனோவாவின் பற்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக நின்றன. முகம் அகன்று எடுப்பாக இருந்தது. குழல் இல்லாமல், விசிறி இல்லாமல், உதட்டை மூடிக்கொண்டு தூங்கினாள். வகுப்பில் விழித்திருந்தாள், ஓட்டத்தில் முந்தினாள். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான் அருமைநாதன். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் காற்றுக்கசிவு ஒத்திகை வந்தது. நடைபாதைச் சுவர் நெடுகப் பெரியவர் அளவு, பிள்ளைகள் அளவு என்று முகமூடிகள் தொங்கும். மணி அடித்ததும் கைக்கு எட்டியதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். காற்றுப் புகாமல் கவ்வினால் பச்சை விளக்கு எரியும். ஜெனோவா மாட்டியதில் சிவப்பு எரிந்தது. இன்னொன்றை மாட்டினாள், அதுவும் சிவப்பு. பெரியவர் அளவோ கண்ணையும் சேர்த்து மூடியது. பிள்ளைகளின் முகம் ஒடுங்க ஒடுங்க, அதற்குத் தக்கபடி அந்த அச்சைப் பல தடவை ஒடுக்கியவன் அருமைநாதன்தான். தன் கையால் செய்த முகமூடி தன் பிள்ளைக்குச் சேரவில்லை.

குழு கூடியது. "அச்சை அகட்டிடறேன் மச்சான், அரை நாள் வேலை," என்றான் அருமைநாதன்.

"அகட்டினா மத்த பிள்ளைங்க முகத்துல நிக்குமா?" என்றார் ராயப்பன்.

நிற்காது. அது அவனைவிட யாருக்குத் தெரியும்? "அப்போ எல்லாப் பிள்ளைங்க தாடையையும் விரிப்போம். பல்பொறிக்கு வழி தெரியும். கடிச்சுத் திங்க வைப்போம்."

கூடம் கொல்லென்று சிரித்தது. "உன் ஒரு பிள்ளைக்காக ஊரே அசைபோடணுமா?" என்றது ஒரு குரல்.

"இவளுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு கழுத்துல மாட்டிவிடறேன்."

ராயப்பன் சிரிக்கவில்லை. "தூங்கும்போது? குளிக்கும்போது? கசிவு நாளைக்கே வரலாம். அன்னிக்கு இவ கைக்குக் கிடைக்கிறது சுவத்துல தொங்குறதுதான். சுவத்துலயே இவ அளவையும் கலந்து மாட்டினா, அவசரத்துல மத்த பிள்ளைங்க அதை எடுத்து மாட்டிக்கிட்டுச் சாகும். செத்துப்போவா மாப்ள. சொல்லு, என்ன செய்யலாம்?"

சந்தனமேரி அழுதாள். "பள்ளிக்கூடத்துல இப்பவே அகலமூஞ்சின்னு கூப்பிடுறாங்க. போதுங்க, விட்டுருங்க."

முகத்தைத் திரும்ப ஒடுக்க முடியுமா என்று கேட்கப் பல்பொறியிடம் போனார்கள். "செய்யலாம்," என்றது அது. "நான்கு பற்களை எடுத்துவிட்டுத் தாடையை உள்ளே இழுக்கலாம். மூச்சுவழி குறுகும். குழல் வைத்தால் சமாளிக்கலாம்."

"நீதானே விரிக்கச் சொன்னே?" என்று கத்தினான் அருமைநாதன்.

"அன்று அதைக் கேட்டீர்கள். இன்று இதைக் கேட்கிறீர்கள்."

ஜெனோவாவுக்குப் புதுச்சட்டை போட்டார்கள். ராயப்பன் மடியில் அவளுக்கு இடம் போதவில்லை, கால்கள் தரையில் இழுபட்டன. மருந்து ஏறுவதற்கு முன் அவள் அப்பாவைப் பார்த்து, "நான் ஒழுங்காத்தானேப்பா கடிச்சுத் தின்னேன்?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த ஒத்திகையில் பச்சை எரிந்தது. இப்போதுதான் முகத்தில் லட்சணம் வந்திருக்கிறது என்று சொல்லாதவர்கள் இல்லை. ஜெனோவா ஓடுவதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் தூங்குகிறாள், கொஞ்சம் மந்தம் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். சோளத்தட்டையை அவள் தொடுவதேயில்லை. பூமியில் பிறந்திருந்தால் இவளுக்கு இந்தக் கதி வந்திருக்காது என்று அருமைநாதன் நினைத்துக்கொள்வான். அந்த ஒரு நினைப்பில்தான் அவன் காலம் ஓடியது.

கொஞ்ச நாளில் பூமியிலிருந்தே வார்ப்பகத்துக்கு அழைப்பு வந்தது. திரையில் கீர்த்திகா என்றொரு அதிகாரி, தன் வீட்டிலிருந்தே பேசினாள். அவர்கள் ஊரில் புகை அதிகமாகிவிட்டதாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு முகமூடி வேண்டுமாம்.

"எங்க அச்சு உங்களுக்குச் சரிப்படாதும்மா," என்றான் அருமைநாதன். "எங்க பிள்ளைங்க முகம் ரொம்பக் குறுகல்."

"ஒண்ணு வரவழைச்சு மாட்டிப் பாத்துட்டோம் சார். எங்க பிள்ளைங்களுக்கு லூசா இருக்கு. இன்னும் ஒரு அளவு சின்னதா வேணும்."

அவன், "அங்க இப்போ கரும்பு விளையறதில்லையா?" என்று கேட்டான்.

"ஏன் சார், நல்லா விளையுதே. ஜூஸ் போட்டுக் குடுத்துடறோம். ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துடும். கடிச்சுத் தின்னுட்டு வரட்டும்னு யார் காத்திருப்பா?"

அவளுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை, கையிலிருந்த திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. மிக்சியில் அடித்த சோற்றில் ஒரு கரண்டி எடுத்து அந்த வாய்க்குள் தள்ளினாள் கீர்த்திகா.

"வாயிலேயே வெச்சிருக்காதே கண்ணு, நேரமாச்சு. முழுங்கு."