மூன்றடி தூரத்தில் ஒரு சாட்சி

“ஐயோ! கிணத்துக்குள்ள ஆள் கிடக்கு!”

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. மன்னார்த் தாராபுரத்துப் பனங்காணி ஒன்றிலிருந்து எழுந்த அந்தக் கூச்சலுக்கு ஊரே ஓடியது.

மிதந்தவர் அப்துல் றசாக். பின்மண்டை பிளந்திருந்தது!

யுத்தம் முடிந்து மூன்று வருஷம் கழித்து, புத்தளத்து அகதி முகாமிலிருந்து கடைசியாக ஊர் திரும்பியவர் அவர். கையில் அந்தப் பனங்காணிக்கான வாப்பாவின் உறுதிப் பத்திரம். அந்தக் காணியிலோ, அக்கா ஹிதாயாவின் கணவர் மர்சூக் ஏற்கெனவே வீட்டுத்திட்டத்துக்குத் தன் பெயரைப் பதிந்திருந்தார்...

திங்கட்கிழமை காலை அதே மர்சூக், மன்னார் டவுனில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த சிறிய கிளினிக்கில் நேர்ஸ் கீர்த்திகாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹிதாயா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

“பெட்டியைக் கொண்டு வந்திட்டன் மிஸ்.”

உள்ளங்கை அளவுப் பெட்டி. வெள்ளிக்கிழமை கொழும்பு டொக்டர் வந்து, மர்சூக்கின் உணவுக்குழாயில் ஒரு சின்னக் கெப்சூலை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். வயிற்று அமிலம் மேலேறும் போதெல்லாம், அது வயர் இல்லாமலே இடுப்புப் பெட்டிக்குச் சொல்லும். சாப்பிட்டால் ஒரு பட்டன். படுத்தால் ஒன்று. நெஞ்செரிந்தால் இன்னொன்று.

“மச்சான்ட விசயம் கேள்விப்பட்டனான் நானா. சரியான கவலையாக் கிடக்கு.” முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்பதுதான் அவள் வழக்கம்.

“நேத்துத்தான் அடக்கினது...” மர்சூக் கண்ணைத் துடைத்தார். “மிஸ், எனக்கு இதில ஒரு துண்டு வேணும்.”

“என்ன துண்டு?”

“சனிக்கிழமை ரெண்டு மணிக்கு எங்க நிண்டனீங்கள் எண்டு பொலிஸ் எல்லாரையும் கேக்குது. நான் வீட்ட படுத்திருந்தனான். ஒண்டு அம்பதுக்குப் படுக்கிற பட்டனை அமத்தினனான். பெட்டி எழுதியிருக்கும்தானே? அதை அச்சடிச்சு, சீல் குத்தித் தாங்கோ!”

கீர்த்திகா பெட்டியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள்.

வெள்ளிக்கிழமை... ஒழுங்கான கோடு.

சனிக்கிழமை... 1.50. படுக்கை அடையாளம். சரி.

1.56.

கோடு அறுந்தது!

3.24 வரைக்கும் வெறும் வெள்ளை.

கெப்சூல் பேசுவது மூன்றடி தூரத்துக்குத்தான் கேட்கும். பெட்டி ஒரு இடத்திலும் ஆள் இன்னொரு இடத்திலும் இருந்தால், இப்படித்தான் வெள்ளை விழும்!

“என்ன மிஸ், அப்பிடிப் பாக்கிறீங்கள்?”

“ஒண்டுமில்லை... பிரின்டர் பழுது. நாளைக்கு வாங்கோ.”

“அங்க பச்சை லைட் எரியுதே...”

மர்சூக் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“இந்த வெள்ளை என்ன?”

“அது... சிக்னல் இல்லை.”

“ஏன் இல்லை?”

அவராகவே மெல்லக் கேட்டார்.

“பெட்டியைக் கழட்டி வச்சா... இப்பிடி வருமோ?”

கீர்த்திகாவின் கண் கதவுப் பக்கம் ஓடியது.

க்ளிக்!

கதவு பூட்டப்பட்டது. தட்டிலிருந்த கத்தரிக்கோல் அவர் கைக்கு மாறியது.

“அழி!”

“நானா...”

“அழி எண்டுறன்! மூண்டு வருசமாக் காடு வெட்டினது நான்! கிணறு இறைச்சது நான்! கடைசியா வந்தவன் ஒரு கடுதாசியைக் காட்டினா, நான் எழும்பிப் போகவோ?”

கத்தரிக்கோலின் கூர் அவள் கழுத்தில் குளிர்ந்தது. விரல் அழிக்கும் பட்டனை நோக்கி நகர்ந்தது...

நின்றது.

அந்த வெள்ளைக்கு நடுவே இரண்டு சிவப்புப் புள்ளிகள்!

மணி 2.31. நெஞ்செரிச்சல் பட்டன். இரண்டு தரம்!

பெட்டி வீட்டில். ஆள் காணியில். அப்படியானால் அமர்த்தியது...?

ஹிதாயா! புருஷனுக்கு உடந்தையா? கத்திக் கூப்பிடக் கூட வெளியே ஆளில்லையா?

“நானா... ரெண்டு முப்பத்தொண்டுக்குப் பட்டனை அமத்தினது ஆர்?”

“என்ன பட்டன்?”

“நெஞ்செரிவுப் பட்டன். ரெண்டு தரம். உங்கட வீட்டில இருந்து!”

மர்சூக்கின் முகம் வெளிறியது. “வீட்டில ஒருத்தரும் இல்லையே... அவள் தங்கச்சி வீட்ட போனவள்...”

அவர் பார்வை மெல்லக் கதவுக்குத் திரும்பியது. கீர்த்திகாவுக்குப் புரிந்தது. உடந்தையில்லை... சாட்சி!

“நானா, வேண்டாம்!”

“ஹிதாயா!”

கத்தரிக்கோலோடு பாய்ந்து கதவைத் திறந்தார்.

ஹிதாயா எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால், கதவில் தோளை வைக்கத் தயாராக... சப்-இன்ஸ்பெக்டர் வின்சன்ட்! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்!

“கீழ மருந்துக்கடையிலதான் நிண்டனாங்கள். உடைக்கத்தான் வெளிக்கிட்டனான். நீங்களே திறந்திட்டீங்கள்.”

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

“அரைவழியில திரும்பி வந்தனான்,” ஹிதாயா சொன்னாள். “கட்டில்ல பெட்டி கிடந்துச்சு. நீங்க இல்ல. கழட்டினா சோதனை பிழைச்சுப்போகும் எண்டு மிஸ் சொன்னவதானே? நீங்க கழட்டினது டொக்டருக்குத் தெரியட்டும் எண்டுதான் அமத்தினன். உங்கட நெஞ்செரிவு வருத்தம் மாறவேணும் எண்டு...”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அரை மணித்தியாலத்தில தம்பியக் கிணத்தில கண்டன். இண்டைக்குக் காலம்பிற இந்த இன்ஸ்பெக்டர் ஐயாவிட்டச் சொன்னன். என்ட சொல்லு மட்டும் போதாதாம். பெட்டியை நீங்களே கொண்டு வருவீங்கள் எண்டு பேசாம இருந்தன்.”

மர்சூக்கின் கைகளில் விலங்கு விழுந்தது.

“என்ட தொண்டைக்குள்ள அந்தச் சாமான் இன்னும் கிடக்கு!” அலறினார். “முதல்ல ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ!”

கீர்த்திகா கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“தேவையில்லை. பத்து நாளைக்குள்ள கெப்சூல் தானாக் கழண்டு வெளியில வந்திடும்.”

வின்சன்ட் தொப்பியைச் சரிசெய்தார்.

“அது வந்திடும் மிஸ்... இவர் வர இருபது வருசமாகும்!”